புள்ளி நாலு

ஏற்காடு பஸ் அன்றைக்கு அடிவாரத்தோடு நின்றுவிட்டது.
மழையில் பாதி மலை ரோட்டுக்கு வந்திருந்தது.
என் கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை,
நாகலூரில் முடிக்கவேண்டிய பதினொரு வீடுகள்.
செக்போஸ்ட்டில் ஒரு லாரி
டிரான்ஸ்பார்மரைச் சுமந்தபடி உறுமிக்கொண்டிருந்தது.
"ஏறிக்கங்க மேடம், இஞ்சின் சூடு மட்டும் பொறுத்துக்கோணும்"
என்றார் மாதேஸ்வரன்.

முதல் கேள்வி:
கடந்த ஏழு நாட்களில்
கூலிக்கு ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?
கியரை மாற்றிவிட்டுச் சிரித்தார்.
சங்ககிரியிலிருந்து நாக்பூர். அங்கே மூன்று நாள்
லோடுக்குக் காத்திருப்பு.
வண்டிக்கு அடியில் ஸ்டவ், சோறு, ரசம், கொசு.
"காத்துக் கெடந்தது வேலைங்களா, வேலை இல்லீங்களா?"
கையேட்டில் நாற்பத்தோராம் பக்கத்தில் பதில் உண்டு.
கையேடு பைக்குள் நனைந்து ஒட்டிக் கிடந்தது.

ஜன்னலோரம் கோகிலவாணி.
சீலநாயக்கன்பட்டி பைபாஸ் கிடங்கில் பார்சல் ஸ்கேன் செய்பவள்,
என் பட்டியலில் ஏழாவது வீட்டுக்காரி.
ஒரு ஷிப்டுக்கு எத்தனை என்றேன்.
"எண்ணறது மெஷின் வேலைக்கா.
எனக்குத் தெரிஞ்சது முட்டி வலி."
தீபாவளி வரை வேலை.
அதற்குப் பிறகு போன் வந்தால் வேலை.

பின்னால், கட்டிய கயிறுகளுக்கு நடுவே
பிளாஸ்டிக் கோணி போர்த்தி உட்கார்ந்திருந்தான் சேர்வராயன்.
ஒப்பந்த லைன்மேன்.
ஒன்பதாம் வளைவில் தலையை வெளியே நீட்டிக் கேட்டேன்:
நிரந்தரமா, தற்காலிகமா?
காற்று பாதியைத் தின்றுவிட்டது.
காதில் விழுந்தது "பதிமூணு வருசம்" மட்டும்.

மேலே எங்கோ ஓர் அறிக்கையில்
இந்த மூன்று பேரும் ஒரே வரியில் வருவார்கள்:
போக்குவரத்து, கிடங்கு, மின்சாரம் முதலானவை;
மாநில அளவில் சற்றே ஏற்றம், புள்ளி நாலு சதவீதம்.
போனமுறை அந்த வரியைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.
புள்ளியைச் சரியாக வைத்தேனா என்று
இரண்டு தடவை பார்த்தேன். நாலைப் பார்க்கவில்லை.

பதினாலாவது வளைவில் வண்டி ஒரே ஒடிப்பில் திரும்பவில்லை.
ரிவர்ஸ் எடுக்க வேண்டும்.
சக்கரத்துக்குக் கல் போட ஆள் வேண்டும்.
"கிளீனர் எங்கேங்க?"
"கிளீனரா! அவனுக்குப் படி குடுத்தா எனக்கு ஏது மேடம்?
நாலு வருசமாச்சு.
நீங்க உக்காந்திருக்கறது அவன் சீட்டுதான்."

இறங்கினேன்.
சேற்றில் செருப்பு ஒன்று போயிற்று.
கல்லைத் தூக்கிப் பின்சக்கரத்துக்குக் கொடுத்து
"வரலாம் வரலாம் வரலாம் ஹோல்டான்" என்று கத்தினேன்.
எங்கே கற்றேன் அந்தச் சொல்லை?
லாரிகள் ஓடும் ஊரில் பிறந்தவர்க்கு அது தாய்மொழிதான்.
இல்லாத வேலையைக் குறிக்க
படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை.

ஆறேகாலுக்குக் கம்பத்து உச்சியிலிருந்து
சேர்வராயன் கையசைத்தான்.
நாகலூருக்கு முதலில் திரும்பியது வெளிச்சமல்ல, சத்தம்.
மூன்று நாள் முன்பு கரண்ட் போனபோது
அணைக்க மறந்த ஒரு மிக்ஸி
பூட்டிய வீட்டுக்குள் புளித்த சட்னியை
விட்ட இடத்திலிருந்து அரைக்கத் தொடங்கியது.
"ஐயோ, எங்க வீடு!"
சாவியைத் தேடிக்கொண்டே ஓடினாள் கோகிலவாணி.
தெருவே சிரித்தது. சேர்வராயன் மட்டும்
கீழே இறங்கி, கையுறை கழற்றி,
இடது கை விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கிப் பார்த்துக்கொண்டான்.

பதினொன்றில் நான்கு வீடுகள்தான் முடிந்தன.
இருட்டிவிட்டது.
"காலி வண்டி, வாடகை கெடையாது, வரீங்களா?
கல்லு போட ஆளு வேணும்" என்றார் மாதேஸ்வரன்.

டேப்லெட்டைப் பைக்குள் திணித்தேன்.
கல் மடியில் இருந்தது, இன்னும் ஈரமாக.
பதினாலாவது வளைவு வந்ததும்
அவர் கேட்பதற்கு முன்பே கதவைத் திறந்தேன்.